செயலாளர் அறிக்கை – 2025

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல், சித்திரைத் திருநாள், தமிழ்ப்பள்ளி எல்லாம் நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேலையிடத்தில் நடக்கிற பாகுபாட்டுப் பிரச்சினைதான், அதனால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் 11246ஆம் எண் ஆணையை ரத்து செய்தார். 1965இல் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டது அது. அரசாங்கத்திடம் கான்ட்ராக்ட் எடுக்கிற நிறுவனம் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதோடு, யாரும் புகார் கொடுக்காமலே தொழிலாளர் துறை ஆட்கள் போய்ச் சம்பளக் கணக்கைச் சோதிக்கவும் அதில் வழி இருந்தது. விசாவில் இருக்கிற நம் பிள்ளைகள் வாய் திறக்கப் பயப்படுவார்கள், அவர்களுக்கு அந்தச் சோதனைதான் துணையாக இருந்தது. அறுபது வருட ஏற்பாடு, காங்கிரஸில் ஒரு ஓட்டுகூட எடுக்காமல் போய்விட்டது. அதே மாதம், வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கிற சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் உறுப்பினர்கள் இரண்டு பேரை நீக்கினார்கள். மிச்சம் இருந்தது இரண்டே பேர், கோரம் (முக்கிய முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இல்லை, அக்டோபர் வரை இதே நிலைமை. இது பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

மார்ச்சில் நம் நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் இதைப் பற்றிக் கூட்டம் போட்டோம். ஒரு அக்கா நீல அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று பொடி எழுத்தில் தமிழிலேயே எழுதியிருந்தார். “உன் உச்சரிப்பு கஸ்டமருக்குப் புரியாது” என்று சொல்லி பதவி உயர்வை மூன்றாவது தடவையும் தள்ளியிருக்கிறார்கள். ஆணை போய்விட்டதே, இனி எங்கே போவது என்று நோட்டை மூடிவைத்திருந்தாராம். வந்திருந்த வக்கீல், நாடு முழுவதுக்குமான 1964ஆம் வருட சிவில் உரிமைச் சட்டமும் நியூ ஜெர்சியின் 1945ஆம் வருடப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அப்படியே இருக்கின்றன, அவை அதிபர் கையெழுத்தில் போகாது என்றார். ஆனால் கெடு உண்டு: நம் மாநிலத்தில் நடந்ததற்கு ஆணையத்திடம் 300 நாள், மாநில சிவில் உரிமைப் பிரிவில் 180 நாள். அங்கேயே போனில் காலண்டரைத் திறந்து எண்ணினோம். 162ஆவது நாள். மறுநாளே புகார் கொடுத்துவிட்டார், விசாரணை இன்னும் நடக்கிறது.

சரி, அடுத்த கூட்டம் பிப்ரவரி முதல் சனிக்கிழமை, அந்த வக்கீலும் வருகிறார். உங்களுக்கு ஏதாவது நடந்திருந்தால் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள், தனியாகப் பேச வேண்டுமென்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்