செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: தகரப்பேணி விறகடுப்புப் பணி

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காப்பாளர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

எமது சனசமூக நிலையத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயற்பாட்டறிக்கையைப் பொதுச்சபையின் முன் சமர்ப்பிக்கின்றேன். வாசிகசாலை, மைதானத் துப்புரவு, முன்பள்ளிக்கான உதவி ஆகியன வழமைபோல் நடைபெற்றன. அவை பற்றிய விபரங்கள் மாதாந்தக் கூட்டக் குறிப்புகளில் உள்ளமையால் இங்கு விரிக்கவில்லை. கடந்த பொதுக்கூட்டத் தீர்மானப்படி தொடங்கப்பட்ட தகரப்பேணி விறகடுப்புப் பணியே இவ்வாண்டு எமது உழைப்பைப் பெரிதும் எடுத்துக்கொண்டது. அதனைத் தொடர்வதா, எந்த அளவில் தொடர்வது என்பதை இன்று சபை முடிவு செய்யவேண்டியிருப்பதால், இவ்வறிக்கையும் அதனைப் பற்றியதாகவே அமைகின்றது.

இப்பணிக்கான தேவை வயலிலிருந்தே எழுந்தது. காலபோக நெல் கதிர் தள்ளும் நாட்களில் பன்றிக்கும் யானைக்கும் காவலிருப்போர் இரவு முழுவதும் கொட்டிலிலும் பரணிலும் தங்குகின்றனர். அவர்களுக்கு வேண்டியது ஒரு கேத்தில் தேநீரும், சிலவேளை ஒரு சிறு சட்டி கஞ்சியும் மட்டுமே. முன்னர் இதற்கு மண்ணெண்ணெய்க் குக்கர் கொண்டு சென்றவர்கள், 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டபோது அதனைக் கைவிட்டனர். பின்னர் விலை ஓரளவு இறங்கியபோதும் பலர் குக்கருக்குத் திரும்பவில்லை. அவர்கள் மூட்டிய மூன்று கல் அடுப்பு காய்ந்த நிலத்தில் சரிவரும். மழையில் ஊறிய வரம்பிலோ, கிடுகு வேய்ந்த பரணிலோ சரிவராது. இதே தேவை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும் ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும் சென்று தங்குவோருக்கும் உண்டு. செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக் கதிர்காமம் நோக்கி நடக்கும் பாதயாத்திரை அடியார்களுக்கோ, தோளில் சுமக்கும் ஒவ்வொரு பொருளின் பாரமும் ஒரு கணக்காகும்.

அடுப்பின் அமைப்பு எம்முடைய கண்டுபிடிப்பன்று. விறகை மேலிருந்து பற்றவைத்து, அதிலிருந்து எழும் வாயுவைத் தனியாகச் சூடேறிய காற்றால் எரிக்கும் முறையை 1985ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான ரொம் றீட் என்பவர் உருவாக்கினார். அதன் பின்னர் பல நாடுகளில் பலர் அதனைப் பேணிகளில் செய்து பார்த்துள்ளனர். எமது வேலை, எமது குப்பையில் கிடைக்கும் பேணிகளுக்கு அதனைப் பொருத்தியது மட்டுமே. இந்த வேலையை முன்னின்று பழக்கியவர், புனலும் குப்பி விளக்கும் செய்து வாழ்ந்த எமது மூத்த அங்கத்தவர் ஒருவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பயன்பட்ட ஜாம்போத்தல் விளக்குகளை இன்னமும் வீட்டில் வைத்திருக்கும் அவருக்கு, ஆணியும் சுத்தியலும் தகரக் கத்தரியும் தவிர வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

உட்பேணியாக 425 கிராம் ரின்மீன் பேணி எடுக்கப்படுகின்றது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 3 அங்குலம், உயரம் ஏறத்தாழ நாலரை அங்குலம். அடித்தகட்டில் ஆணியால் நெருக்கமாகத் துளைகள் இடப்படும். மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே, பென்சில் நுழையுமளவு துளைகள் சுற்றிவர ஒரு வரிசையாக இடப்படும். துளையிடும்போது பேணிக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகிக்கொண்டால் தகடு நெளியாது. வெளிப்பேணிக்கு, 4 அங்குலக் குறுக்களவுள்ள குழந்தைப் பால்மாத் தகரம் பொருந்தியது. அதனைக் கவிழ்த்து, அடித்தகட்டில் ரின்மீன் பேணியின் அளவுக்குச் சற்றுக் குறைவான வட்டம் வெட்டி, ஓரத்தில் சிறு கீறல்கள் இட்டு உட்புறம் மடித்தால், மேலிருந்து செருகப்படும் உட்பேணி விளிம்பில் தங்கி இறுக அமரும். வெளித்தகரம் சற்று உயரமாதலால் உட்பேணியின் அடி நிலத்தில் முட்டாமல் தொங்கும். வெளித்தகரத்தின் கீழோரத்தில் சுற்றிவரக் காற்றுத் துளைகள் இடவேண்டும். வேறொரு பேணியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வளையம் வெட்டி, அதன் பக்கங்களைத் திறந்துவிட்டு மேலே வைத்தால் சட்டி தாங்கி தயார். சட்டியை வளையமின்றி நேரே பேணியின் வாயில் வைத்தால் நெருப்பு மூச்சடைத்து அணைந்துவிடும்.

கீழோரத் துளைகளால் நுழையும் காற்றில் ஒரு பங்கு உட்பேணியின் அடித்துளைகளூடாக விறகுக்குச் செல்கின்றது. மறுபங்கு இரு தகடுகளுக்கும் இடையே மேலேறிச் சூடாகி, மேல்வரிசைத் துளைகளால் வெளிப்படுகின்றது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு, சூட்டில் வாயுவாகவே பிரிகின்றது. நாம் புகை என்று கண்ணைக் கசக்கிக்கொள்வது எரியாமல் தப்பும் அந்த எரிபொருளைத்தான். மேலிருந்து மூட்டும்போது, கீழிருந்து எழும் புகை நெருப்பினூடாகவே வெளியேறவேண்டியிருப்பதாலும், அங்கே சூடான காற்று அதனைச் சந்திப்பதாலும், அதுவும் எரிந்துவிடுகின்றது. மேல்துளைகளிலிருந்து உட்புறமாகச் சுவாலை நாக்குகள் நீண்டால் அடுப்பு சரியாக வேலை செய்கின்றது என்று கொள்ளலாம். கூடுதல் காற்றுக் கிடைத்தால் இன்னும் நன்றாக எரியும் என்று எண்ணிச் சில இளைஞர்கள் அடியில் மேலதிகத் துளைகள் இட்டனர். அவ்வடுப்புகளில் விறகு விரைவில் தீர்ந்ததுடன் புகையும் கூடியது. அடிக்காற்று அளவு மீறினால் மேலே எரிந்து முடிக்கமுடியாத வேகத்தில் வாயு பிரியும் என்பதே காரணம். துளைகளின் எண்ணிக்கையில் மூத்தவரின் கைக்கணக்கையே பின்பற்றுமாறு பின்னர் கேட்டுக்கொண்டோம்.

விறகின் அளவு பற்றிக் கூட்டங்களில் பலமுறை வாதம் எழுந்தமையால் ஒரு கணக்கை இங்கு பதிவு செய்கின்றேன். ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 16,000 கிலோயூல் உண்டு. வெப்பம் முழுவதும் சட்டிக்கே போகுமாயின் இருபது கிராம் விறகு போதுமானது. ஐந்தில் ஒரு பங்கே போகின்றது என்று கொண்டாலும் நூறு கிராமுக்குள் அடங்கவேண்டும். காற்றில் திறந்து எரியும் மூன்று கல் அடுப்பு இந்த ஐந்தில் ஒன்றையும் எட்டுவது அரிது. ஒரு கேத்திலுக்கு ஒரு கட்டு விறகு என்ற எமது பழக்கம் எவ்வளவு தாராளமானது என்பதை அங்கத்தவர்களே கணித்துக்கொள்ளலாம்.

விறகு எதுவாக இருந்தாலும் பெருவிரல் பருமனுக்கு மேற்படாமலும், பேணியின் மேல்துளைகளை மறைக்காமலும் அடுக்கப்படவேண்டும். எமக்கு மிகவும் உகந்தவை சிரட்டைத் துண்டுகள், ஊமல் எனப்படும் காய்ந்த பனங்கொட்டை ஓடுகள், வேலியில் வெட்டிக் காயவைத்த கிளிசரியாத் தடிகள் என்பனவாகும். மூட்டுவதற்குப் பன்னாடை போதும். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கிளிசரியா எமது வேலிகளில் கேட்பாரற்று வளர்கையில், ஒதுக்கக் காட்டுக்குள் பாலையும் வீரையும் தேடிப் போய் அதிகாரிகளிடம் அகப்படவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. அலரித் தடியையும், களப்போரத்துத் தில்லையையும் எக்காரணம் கொண்டும் எரிக்கக்கூடாது. தில்லையின் பாலும் புகையும் கண்ணைப் பாதிப்பவை.

பேணி சேகரிப்புக்கென நிர்வாக சபை விதித்த கட்டுப்பாடுகள் கடுமையானவை என்று சிலர் குறைப்பட்டனர். அவற்றை விளக்குவது என் கடமை. உண்டு முடித்த உணவுப் பேணிகள் மட்டுமே ஏற்கப்படும். அவை வீட்டிலிருந்து அல்லது கடையிலிருந்தே வரவேண்டும். காட்டோரத்திலும், மூடிய பதுங்குகுழி மேடுகளிலும், கைவிடப்பட்ட காணிகளிலும் பொறுக்கிய எந்த உலோகத்தையும், அது வெறும் தகரத்துண்டாகவே தோன்றினாலும், எவரும் எமது நிலையத்துக்குக் கொண்டுவரக்கூடாது. வன்னியில் மிதிவெடி அகற்றும் பணி இன்னமும் நடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. பழைய இரும்பு பொறுக்கப்போய்க் கையையும் உயிரையும் இழந்தோரை எம்மில் பலர் அறிவோம். பேணிக்குப் பரிசு என்று அறிவித்துச் சிறுவர்களைத் தூண்டலாம் என்ற யோசனை நிர்வாக சபையில் நிராகரிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். ஐயத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், அந்த இடத்தை அடையாளம் வைத்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவிக்கவேண்டும்.

பூச்சிநாசினி, களைநாசினிப் பேணிகள் எத்தனை முறை கழுவப்பட்டாலும் ஏற்கப்படமாட்டா. மீள்குடியேற்றக் காலத்துத் தற்காலிகக் கொட்டில்களில் எஞ்சிய கூரைத் தகரத்தைப் பலர் ஆர்வத்துடன் கொண்டுவந்தனர். நாகமுலாம் பூசிய அத்தகரம் நெருப்பறைக்கு ஆகாது. நாகம் 420 பாகையில் உருகும். மேலும் சூடேறினால் எழும் ஆவியைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் வரும். ஆகவே அத்தகரம் காற்றுத் தடுப்பாக மட்டும், நெருப்புக்கு எட்டப் பயன்படுத்தப்பட்டது. அலுமினியச் சோடாப் பேணிகள் 660 பாகையில் உருகுவன என்பதாலும், அதற்கு முன்னரே தளர்ந்து சரிவன என்பதாலும் விலக்கப்பட்டன. உணவுப் பேணிகளிலும் உட்புறம் மெல்லிய பூச்சு இருக்கலாம். எனவே முதலாவது எரிப்பைச் சட்டி வைக்காமல், வெளியில், ஆட்கள் விலகி நிற்கச் செய்து முடித்த பின்னரே அடுப்புகள் கையளிக்கப்பட்டன.

நவம்பர் இறுதி வாரத்தில், பின்னர் ஃபெங்கல் எனப் பெயர்பெற்ற தாழமுக்கத்தால் பெய்த பெருமழையில், தாழ்நிலக் குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்கவேண்டியேற்பட்டது. உயர்தரப் பரீட்சையே டிசம்பர் 4 வரை தள்ளிவைக்கப்பட்ட அந்நாட்களில் பொதுச் சமையல் பெரிய கிடாரங்களில் நடந்தது. அதில் எமது அடுப்புகளுக்கு இடமில்லை. ஆயினும் நள்ளிரவில் குழந்தைக்குப் பால் கரைக்கவும், முதியவர்களுக்குக் கொத்தமல்லி அவிக்கவும் பெரிய அடுப்பை மீண்டும் மூட்ட முடியாதிருந்த வேளைகளில், மண்டபத்தின் திறந்த தாழ்வாரத்தில் இப்பேணிகள் பயன்பட்டன. இதில் நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. அடுப்பு எல்லோரிடமும் இருந்தது. காய்ந்த விறகு மிகச் சிலரிடமே இருந்தது. மூடியுள்ள பெயின்ற் வாளியில் சிரட்டைத் துண்டுகளை முன்னரே அடைத்து வைத்திருந்த வீடுகளின் அடுப்புகளே எரிந்தன. ஈரவிறகின் வெப்பத்தில் பெரும்பகுதி அதன் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், இவ்வளவு சிறிய நெருப்பறை அதனைத் தாங்காது.

பாதுகாப்புத் தொடர்பில் இரண்டு விடயங்களை மீண்டும் வலியுறுத்துகின்றேன். விறகு வாயுவாகி எரிந்து முடிந்தபின் பேணியில் எஞ்சும் கரி, புகையின்றிக் கனன்றபடியே காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். புகை இல்லாமையால் ஆபத்தும் இல்லை என்று எண்ணி, தறப்பாள் இழுத்துக்கட்டிய கொட்டிலுக்குள் குளிருக்கு அதனை வைத்துக்கொண்டு உறங்குவது உயிரைக் கொண்டுபோகும். அடுத்து, பரணில் வைப்போர் இரண்டு அங்குலத் தடிப்பில் மண் பரப்பிய தட்டின்மேலேயே அடுப்பை வைக்கவேண்டும்.

பேணி அடுப்பின் ஆயுளும் குறைவு. மெல்லிய தகடு மாறிமாறிச் சூடேறித் துருப்பிடித்து, உட்பேணியின் அடி முதலில் உதிரும். வெளித்தகரம் நீடிக்குமாதலால் உட்பேணியை மட்டும் மாற்றலாம். இதனை வீட்டு அடுப்புக்கு மாற்றாகப் பரப்பவேண்டும் என்ற கருத்து எமது மாதர் பிரிவில் முன்வைக்கப்பட்டது. கால்மணி நேரத்துக்கொருமுறை விறகு மாற்றவேண்டிய ஒன்றில் ஐந்து பேருக்குச் சோறும் கறியும் சமைக்கச் சொல்வது, சமைப்பவருக்கு நாம் செய்யும் உதவியாகாது என்பது என் கருத்து. வீட்டுக்கு, இலங்கையில் பல ஆண்டுகளாக வழக்கிலுள்ள அனகி வகை இரட்டைக் களிமண் அடுப்பே பொருத்தமானது. பெரிய எண்ணெய்த் தகரத்துக்குள் முழங்கை வடிவில் பேணிகளைப் பொருத்தி, இடைவெளியைச் சாம்பலால் நிரப்பிச் செய்த ஓர் அடுப்பு நிலையத்தில் பரீட்சார்த்தமாக உள்ளது. அதில் நீண்ட தடிகளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி எரிக்கலாம். அது பற்றி அடுத்த ஆண்டில் அறிக்கையிட முடியும்.

செலவு மிகச் சொற்பம். தொகைகளைப் பொருளாளர் தமது கணக்கறிக்கையில் சமர்ப்பிப்பார். பேணிகளைச் சேர்த்துத் தந்த கடைக்காரர்களுக்கும், தேநீர்க் கடை உரிமையாளருக்கும், ஞாயிறு தோறும் வேலைக்கு வந்த இளைஞர்களுக்கும் நிலையத்தின் நன்றி உரியது.

சபையின் அங்கீகாரத்துக்காக இரண்டு பிரேரணைகளை முன்வைக்கின்றேன். முதலாவது, அடுப்பு செய்யும் பணியைக் காவற்கொட்டில், யாத்திரை, அனர்த்தகாலம் ஆகிய தேவைகளுக்கு மட்டுப்படுத்தித் தொடர்வது. இரண்டாவது, ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னர் மூடியுள்ள வாளிகளில் காய்ந்த சிரட்டையும் ஊமலும் நிரப்பி நிலையக் களஞ்சியத்தில் வைப்பது. அதற்கான வாளிகளுக்கு மட்டும் நிதி ஒதுக்குவது. வீட்டில் பயன்படாத பெயின்ற் வாளிகளை வைத்திருப்போர், மூடியுடன் இருப்பின், உட்புறம் சுரண்டிக் காயவைத்து இம்மாத இறுதிக்குள் வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

செயலாளர்