ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

லெஸ்டர்

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே அம்மா, அப்பா, உன் நலமறிய ஆவல். உனக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதாக அப்பா சொன்னார். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். இதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடு.

முதலில் சம்பளத்தைப் பார். லெட்டரில் 'பேண்ட் 5' என்று போட்டிருப்பார்கள். அது நர்ஸ் சேரும் சம்பள நிலை. அந்தப் பேண்டுக்குள்ளேயே மூன்று படி இருக்கிறது: சேரும்போது ஒன்று, இரண்டு வருஷம் முடிந்ததும் ஒன்று, நாலு வருஷம் முடிந்ததும் மேல்படி. வெளியே வேலை பார்த்த வருஷங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள, இங்குள்ள அரசு மருத்துவ அமைப்பான என்.எச்.எஸ்.ஸின் விதிகள் மருத்துவமனைக்கு அதிகாரம் தருகின்றன. எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நர்ஸ் கேட்காவிட்டால் அடிப்படியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். ஐ.சி.யு.வில் இத்தனை வருஷம் நின்ற நீ நேற்றுப் படிப்பு முடித்த பெண்ணின் சம்பளத்தில் ஏன் தொடங்க வேண்டும்? வேலை பார்த்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அனுபவச் சான்று வாங்கு. சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வார்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் அதில் இருக்கட்டும். ஸ்கேன் செய்து எச்.ஆருக்கு ஈமெயிலில் அனுப்பி, எந்தப் படியில் வைப்பீர்கள் என்று கேள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு கேட்டால் காலம் போய்விட்டது என்பார்கள்.

ஓஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை முடிந்து, 'பின் நம்பர்' என்ற நர்ஸ் பதிவு எண் வரும்வரை பேண்ட் 3 அல்லது 4 சம்பளம்தான். பேண்ட் 5 சம்பளம் பின் நம்பர் வந்த தேதியிலிருந்தா, அதற்கடுத்த மாதத்திலிருந்தா என்பதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடு. வந்த மூன்று மாதத்துக்குள் ஓஸ்கி எழுத வேண்டும், எட்டு மாதத்துக்குள் தேற வேண்டும். கை வேலையில் நம்மவர்கள் சறுக்குவதில்லை. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அலர்ஜி மூன்றையும் வாய்விட்டுக் கேட்காமல் மருந்தைக் கையில் எடுப்பதில்தான் மார்க் போகிறது. நம் ஊரில் மனசுக்குள் சரிபார்த்துக்கொள்கிறோம். இங்கே பரீட்சகர் காதில் விழாததற்கு மார்க் இல்லை.

படியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1948 ஜூலை 5 அன்று என்.எச்.எஸ். தொடங்கியபோது ஆள் போதவில்லை. பார்படோஸ், ஜமைக்கா என்று கரீபியன் தீவுகளிலிருந்து இளம்பெண்களை வரவழைத்தார்கள். பின்னால் மலேசியா, மொரீஷியஸிலிருந்தும் வந்தார்கள். அப்போது இரண்டு விதப் பயிற்சி. மூன்று வருஷம் படித்தால் எஸ்.ஆர்.என். என்ற முழுத் தகுதி நர்ஸ், இரண்டு வருஷம் படித்தால் எஸ்.இ.என். என்ற கீழ்ப்படி நர்ஸ். மூன்று வருஷப் படிப்புக்குத் தகுதி உள்ள பெண்கள் பலரை, வித்தியாசத்தை விளக்காமலே இரண்டு வருஷப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். எஸ்.இ.என். ஆனவர் வார்டுக்குப் பொறுப்பான வார்டு சிஸ்டர் ஆக முடியாது. பல தீவுகளில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பும் இல்லை. அதைக் கொண்டு ஊர் திரும்பி வேலை தேடவும் வழியில்லாமல் போயிற்று. முதியோர் வார்டிலும் மனநல ஆஸ்பத்திரியிலும் நைட் டியூட்டியிலும் வாழ்க்கையே கழிந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். நம் நாட்டு டாக்டர்களுக்கும் அதே கதைதான். இங்குள்ளவர்கள் விரும்பாத முதியோர் மருத்துவமும், வேல்ஸ் சுரங்க ஊர்களின் கிளினிக்குகளும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்கள் இல்லாவிட்டால் அந்த ஊர்களில் வைத்தியம் பார்க்க ஆள் இருந்திருக்காது. அந்தப் பெண்கள் ஏமாந்த இடம் நுழையும் வாசல். நீயும் இப்போது அங்கேதான் நிற்கிறாய்.

அடுத்தது பே ஸ்லிப். வாரத்துக்கு 37.5 மணி நேரம். பேண்ட் 5-க்கு, வார நாளில் இரவு 8 முதல் காலை 6 வரையிலும் சனிக்கிழமை முழுவதும் 30 சதவீதம் கூடுதல். ஞாயிறும் அரசு விடுமுறையும் 60 சதவீதம். நைட் ஷிஃப்டில் பாதிக்கு மேல் அந்த நேரத்துக்குள் விழுந்தால் முழு ஷிஃப்டுக்கும் 30 உண்டு. இந்தக் கூடுதல் பெரும்பாலும் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும்; அதனால் பார்த்த ஷிஃப்டை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒத்துப்பார். வரி எவ்வளவு பிடிப்பது என்று காட்டும் டாக்ஸ் கோடு 1257எல் என்று இருக்க வேண்டும். பி.ஆர். அல்லது 0டி என்று இருந்தால் வரி அதிகமாகப் பிடிக்கிறார்கள், வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்குப் போன் செய்தால் சரியாகும். வீட்டுக்குக் கூடுதலாக அனுப்பலாமே என்று பென்ஷனிலிருந்து விலகிவிடாதே. நீ கட்டுவதைவிட மருத்துவமனை கட்டுவது அதிகம்.

பே ஸ்லிப்பைப் படிப்பதைப் பற்றி இந்த ஊரிலேயே ஒரு வரலாறு உண்டு. 1972-ல் உகாண்டாவிலிருந்து இந்தியர்களை விரட்டியபோது, லெஸ்டருக்கு வராதீர்கள் என்று நகரசபையே அந்நாட்டுப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அதையும் மீறித்தான் வந்தார்கள். ஈஸ்ட் பார்க் ரோட்டில் இம்பீரியல் டைப்ரைட்டர் தொழிற்சாலை இருந்தது. ஒரு நாளில் 168 மிஷின் முடித்தாலே போனஸ் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆசியத் தொழிலாளர்களிடம் 200 முடித்தால்தான் போனஸ் என்று வேலை வாங்கினார்கள். விஷயம் தெரிந்ததும் 1974 மே 1 அன்று 39 பேர் வெளியே வந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். அவர்களுடைய யூனியனே கைகொடுக்கவில்லை, நடைமுறைப்படி வரவில்லை என்று சொல்லிவிட்டது. அடுத்த வருஷம் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள்.

அதற்காக யூனியனில் சேராமல் இருந்துவிடாதே. 1963-ல் பிரிஸ்டல் நகர பஸ் கம்பெனி கறுப்பர்களையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுக்க மாட்டோம் என்றபோதும் உள்ளூர் யூனியன் கம்பெனி பக்கம்தான் நின்றது. பால் ஸ்டீஃபன்சன் முன்னின்று நடத்திய பஸ் புறக்கணிப்பு நாலு மாதம் ஓடி, ஆகஸ்ட் 28 அன்று கம்பெனி பணிந்தது. செப்டம்பரில் வெள்ளையரல்லாத முதல் கண்டக்டராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். 1965-ல் வந்த முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பொது இடங்களுக்கு மட்டும்தான். வேலைக்கும் வீட்டுக்கும் 1968-ல்தான் நீண்டது. தொழிலாளி தானே தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை 1976-ல்தான் வந்தது. அதே வருஷம் லண்டன் வில்ஸ்டனில், கிரன்விக் போட்டோ கம்பெனியில், ஜெயாபென் தேசாய் என்ற குஜராத்திப் பெண் வெளிநடப்பு செய்தார். அப்போது நிலைமை மாறியிருந்தது: தபால்காரர்கள் கம்பெனியின் கடிதங்களைத் தொட மறுத்தார்கள், யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் வாசலில் வந்து நின்றார்கள். 1978 ஜூலையில் போராட்டம் தோற்றது உண்மை. ஆனால் நம் பெண்களுக்கு யூனியனில் இடமில்லை என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே நர்ஸ்களின் யூனியனான ஆர்.சி.என்.னிலோ, பொதுத்துறை ஊழியர் யூனியனான யுனிசனிலோ முதல் மாதமே சேர். பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கு உதவ மாட்டார்கள். வெள்ளையரல்லாத ஊழியர்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது அதிகம் என்பதை என்.எச்.எஸ்.ஸின் சொந்தக் கணக்கே 2015 முதல் காட்டி வருகிறது. ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டத்துக்கு அழைத்தால் யூனியன் ஆளையோ உடன் வேலை பார்ப்பவரையோ கூட்டிப்போவது உன் சட்ட உரிமை. 'சும்மா பேசத்தான்' என்றாலும் தனியாகப் போய் எதிலும் கையெழுத்துப் போடாதே. நோயாளி நிறத்தைச் சொல்லித் திட்டினால் பொறுத்துக்கொள்ளாதே. அன்றைக்கே சம்பவ அறிக்கை போடு. நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி மூன்றும் எழுது. தீர்ப்பாயம் போவதானால் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவான கெடுவுக்குள், வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் அமைப்பான ஏகாஸிடம் பதிய வேண்டும். கெடுவை நீட்டும் ஏற்பாடு நடக்கிறது. நீ மூன்று மாதம் என்றே கணக்கு வை.

விசா மருத்துவமனையோடு கட்டப்பட்டது. வேலை போனால் வேறு இடம் பிடிக்கப் பொதுவாக 60 நாள் தருவார்கள். இடம் மாறினால் புது ஸ்பான்சர்ஷிப் சான்றும் புது விசாவும் கைக்கு வந்த பிறகுதான் அங்கே சேரலாம். ஐந்து வருஷத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்பதைப் பத்தாக்கப் போவதாக 2025-ல் அரசு அறிவித்தது. அப்பாவிடம் ஐந்து என்று உறுதியாகச் சொல்லிவைக்காதே.

எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதே. 1973-க்கு முன் கரீபியனிலிருந்து வந்தவர்கள் சட்டப்படி இங்கே இருக்க உரிமை பெற்றவர்கள். ஆனால் அதைக் காட்ட அவர்களிடம் தாள் இல்லை; வந்திறங்கியபோது பதிந்த அட்டைகளை 2010-ல் உள்துறையே அழித்துவிட்டது. பிறகு வந்த கெடுபிடிச் சட்டங்களில், நாற்பது ஐம்பது வருஷம் உழைத்தவர்களிடம் ஒவ்வொரு வருஷத்துக்கும் சான்று கேட்டார்கள். வேலை போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலரை நாடு கடத்தினார்கள். 2018-ல் விஷயம் வெடித்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். இப்போது விசாவும் அட்டையாக இல்லை, கணினியில்தான் இருக்கிறது. பே ஸ்லிப், வருஷக் கடைசியில் தரும் சம்பள, வரிக் கணக்குத் தாளான பி60, வீட்டு வாடகை ஒப்பந்தம், விமான டிக்கெட் எல்லாவற்றையும் அச்செடுத்து வருஷ வாரியாக ஃபைல் போடு.

கடைசியாக, ஏஜென்ட் கேட்கும் பணம். வேலை தேடிக் கொடுத்ததற்காக நர்ஸிடம் கட்டணம் வாங்க இந்த நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. 'பிராசஸிங்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அப்பாவைக் கொடுக்க விடாதே. கேட்ட மெசேஜை மட்டும் எனக்கு அனுப்பு. சீக்கிரம் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற பிரிவு லெட்டரின் பின்பக்கங்களில் இருக்கும். எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு குறையும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எச்.ஆருக்கு என்ன எழுதலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா