பழையாறு மீள வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

நாஞ்சில் நாட்டு வயல்களை நனைத்து மணக்குடியில் கடலில் கலக்கும் பழையாறு, நாகர்கோவில் ஒழுகினசேரிப் பகுதியில் ஆகாயத்தாமரை படர்ந்து, ஓடைகள் கொண்டுவந்து சேர்க்கும் சாக்கடை நீரால் கறுத்துக் கிடப்பது வேதனை அளிக்கிறது. தூர்வாரிவிட்டு இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்புவதையே சீரமைப்பு என்று கருதும் போக்கு மாற வேண்டும். சுவருக்குள் அடைபட்ட ஆற்றில் நீர் கரை மண்ணில் ஊறாது, மீன்கள் முட்டையிட இடமிராது, பெண்கள் துணி துவைக்க இறங்கும் படித்துறையும் இல்லாமல் போகும். அருகிலுள்ள சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. அங்கு வரும் பறவைகளுக்கு இந்த ஆறும் இரைநிலமே. எனவே, மாநகராட்சியும் நீர்வளத் துறையும் இணைந்து, முதலில் கழிவுநீர் ஓடைகளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிட்டு, அதன்பின் சரிவான மண் கரை அமைத்து, மண்ணை இறுகப் பிடிக்கும் கைதையை (தாழையை) நட ஆவன செய்ய வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், ஒழுகினசேரி