கடைக்குப் போகும் முன்

அன்புள்ள மகளுக்கு,

லேப்டாப் ஆன் ஆகவில்லை, கடைக்காரருக்கு ஆங்கிலமும் வராது என்று எழுதியிருந்தாய். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடி. பிறகு சார்ஜரைச் சொருகி ஆன் செய்து பார். சில சமயம் இதிலேயே உயிர் வந்துவிடும். விசிறி ஓடி, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் ஹெச்டிஎம்ஐ கேபிளில் ஒரு டிவியோடு இணை. அதில் படம் வந்தால் கோளாறு பெரும்பாலும் திரையிலோ அதற்குப் போகும் கேபிளிலோதான். அப்போது மதர்போர்டை, அதாவது உள்ளே இருக்கும் முக்கியச் சுற்றுப்பலகையை, மாற்றச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதே. டச்பேட் மேலே தூக்கி நின்றால் பெரும்பாலும் பேட்டரி உப்பியிருக்கும். சார்ஜ் போடாதே, அழுத்தி மூடாதே.

மொழி புரியாத கடையில் நான் பயப்படுவது விலைக்கு அல்ல, நீ தலையாட்டுவதற்கு. அவர் கேட்பது 'ஃபார்மெட் பண்ணட்டுமா', அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்றுகூட இருக்கலாம். அதனால் சொல்ல வேண்டியதை வீட்டிலேயே எழுதி, மொழிபெயர்த்து, தாளில் கொண்டு போ. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவோமே, அங்கேதான் மொழிபெயர்ப்புச் செயலி தடுமாறும். 'நேற்று கீழே விழுந்தது' என்றால் விழுந்தது யார் என்று அது ஊகிக்கும். ஒவ்வொரு வாக்கியத்திலும் 'லேப்டாப்' என்று போடு. வந்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் படித்துப் பார். 'அழிக்காதீர்கள்' என்பதோடு நிறுத்தாமல், 'என் கோப்புகள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்' என்றும் எழுது. மொழிபெயர்ப்பில் எதிர்மறை தொலைந்துபோனாலும் இது நிற்கும். அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண், சீரியல் எண், இந்தத் தொகைக்கு மேல் போனால் கேட்காமல் செய்ய வேண்டாம் என்ற உச்சவரம்பு, மூன்றையும் எண்ணில் எழுது. கோளாறை வீடியோவாக எடுத்து வை. ஆயிரம் வார்த்தைக்கு அது மேல்.

விண்டோஸில் கோப்புகளை யாரும் படிக்க முடியாதபடி வைக்கும் பிட்லாக்கர் பூட்டு உனக்கே தெரியாமல் போட்டிருக்கலாம். மதர்போர்டு மாறினால் பூட்டைத் திறக்கும் சிப்பும் அதோடு போய்விடும். அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அது உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைபேசியிலேயே உள்நுழைந்து இன்றே குறித்து வை. அது இல்லாவிட்டால், கோப்புகள் இருக்கும் பழைய எஸ்எஸ்டி பத்திரமாக இருந்தும் உள்ளே இருப்பது உனக்கு இல்லை. சாதாரணப் பழுதுக்குக் கடவுச்சொல் கேட்டால் கொடுக்காதே. திரை, விசை, பேட்டரி மாற்ற அது தேவையில்லை.

கீபோர்டு மாற்றுவதானால், நீ இருக்கும் நாட்டின் எழுத்தமைப்பில் வந்துவிடலாம். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், என்டர் விசையின் வடிவமும் வேறு. உன் பழைய கீபோர்டின் படத்தைக் காட்டிக் கேள்.

ரசீதில் சீரியல் எண் இருக்கிறதா பார். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கு. கடையை விட்டு நகரும் முன் வைஃபை, கேமரா, ஒலி, எல்லா யுஎஸ்பி துளைகள், ஒவ்வொரு விசையாகச் சோதி.

ஒன்று கேட்க மறந்தேன். பவர் பட்டனை அழுத்தும்போது விளக்கு மினுக்குகிறதா? எந்த நிறம், எத்தனை முறை என்று எண்ணி எழுது. பல மாடல்களில் அது கோளாறின் குறியீடு. இங்கிருந்தே தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா