கழுவிக் கழுவி வெடித்த கை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காட்பாடியில் என் அக்காவை நாங்கள் எல்லாரும் 'சுத்தக்காரி' என்றே சொல்லி வந்தோம். சோப்பு போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் வெடித்து, குழம்புச் சோறு பிசைந்தாலே கை எரியும், அப்போதும் போய்க் கழுவுவாள். கழுவாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் விடாமல் வருமாம். அதில் அர்த்தமில்லை என்று அவளுக்கே தெரியும், அதுதான் கொடுமை. மந்திரித்துப் பார்த்தோம். அப்புறம்தான் இது ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்ய வைக்கும் மனநோய் என்று தெரிந்தது. மாத்திரை முழுப் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகலாம், நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. கூடவே ஒரு பயிற்சி: செருப்பைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏறிய பதற்றம் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். "கை சுத்தமாத்தான் இருக்கு" என்று நாங்கள் ஓயாமல் சமாதானம் சொன்னதே நோயை வளர்த்திருக்கிறது. வேலூர் பாகாயத்தில் மனநல மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தும் போக வெட்கப்படுகிற வீடுகள் இங்கே நிறைய. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம், இதைத் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்.

வாசகர், காட்பாடி