வட்டார அறிவியல் ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தேசிய அறிவியல் நாள் கருத்தரங்கு, வினாடி வினாப் போட்டி, பணி நிறைவு பெற்றோருக்கான பாராட்டு விழா ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

கணினிச் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிச் சோதனைகள், வழியாக மின்னோட்டப் பாடத்தைக் கற்பித்ததே இவ்வாண்டின் முதன்மைப் பணியாகும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ சிமுலேஷன்கள் கட்டணமின்றிக் கிடைப்பவை. பல தமிழிலும் உள்ளன. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயங்கும். விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் தொடரிணைப்பில் முதல் விளக்கு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடும், ஆகவே அடுத்தது மங்கலாக எரியும் என்ற தவறான எண்ணம், ஓம் விதிக் கணக்கில் முழு மதிப்பெண் பெறும் மாணவரிடமும் ஊறியிருக்கிறது. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரைச் சுற்றின் எந்த இடத்தில் இணைத்தாலும் ஒரே அளவு காட்டுவதைத் தாமே கண்ட பிறகுதான் அது விலகத் தொடங்கியது. என்ன நிகழும் என்பதை முதலில் குறிப்பேட்டில் எழுதச் செய்வது மிக அவசியம். அவ்வாறு செய்யாத வகுப்புகளில், திரையிலுள்ள மின்கலத்தைத் தீப்பற்றச் செய்வதிலேயே பாடவேளை கழிந்தது.

திரையில் பயில்வதால் மாணவர்கள் கம்பியைத் தொட்டுப் பழகமாட்டார்கள் என மூத்த உறுப்பினர் சிலர் ஐயுற்றனர். சிமுலேஷனில் பயின்ற கல்லூரி மாணவர்கள், உண்மைக் கருவிகளில் பயின்றவர்களைவிட உண்மையான சுற்றையே நன்றாக அமைத்து விளக்கியதாகக் கொலராடோவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. எனினும், வேதியியல் செய்முறைக்குத் திரை ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சிமுலேஷன் பயிற்சிக்கு வருவதாக ஒப்புக்கொண்டவர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். பள்ளிப் பணிச்சுமையை நான் அறிவேன். ஆனால் வராதவர்கள் பின்னர் பென்டிரைவ் கொடுத்தனுப்பிக் கோப்புகளை மட்டும் கேட்பது முறையாகாது. அவர்களுள் பலரது சந்தாவும் நிலுவையிலுள்ளது.

வரவுக்குள் செலவு அடங்கியுள்ளது. சிறு தொகை இருப்பில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் வைத்துள்ளார். இடமளித்த தலைமையாசிரியர்களுக்கும், புரொஜெக்டர் தந்துதவிய நண்பர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஒளிவிலகல் பாடத்தை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். மன்றத்தின் மடிக்கணினி பழுதடைந்துள்ளதால், நிலுவை வசூலாகாமல் அதைத் தொடங்க இயலாது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் இங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்