கீரி பச்சிலை தேடி ஓடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பாம்புகள் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். நன்றாக இருந்தது. ஆனால் நல்ல பாம்பு கடித்த கீரி புதருக்குள் ஓடிப் பச்சிலை தின்று பிழைத்துக்கொள்ளும் என்று அதில் ஒரு வரி வருகிறதே, அதைத் தயவுசெய்து அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

கீரிக்குக் காப்பு அதன் உடம்பிலேயே இருக்கிறது. நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பி உண்டு. நல்ல பாம்பின் நஞ்சு நேராக அங்கே போய் அடைத்துக்கொள்ளும், தசை செயலிழந்து கடைசியில் மூச்சே நின்றுவிடும். கீரிக்கு அந்த ஏற்பியின் அமைப்பு கொஞ்சம் மாறியிருப்பதால் நஞ்சு அதில் ஒட்டுவதில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் இதை 1992-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அதற்காகக் கீரியை எதுவும் செய்யாது என்றில்லை. நஞ்சு நிறைய இறங்கினால் அதுவும் செத்துப்போகும். கண்ணாடி விரியனின் நஞ்சு முக்கியமாக ரத்தத்தைத் தாக்குவது, அங்கே இந்த ஏற்பி உதவாது. அதனால்தான் கீரி முடியைச் சிலிர்த்து உடம்பைப் பெரிதாகக் காட்டி, விலகி விலகிப் பாம்பைக் களைக்கவைத்து, அப்புறம் தலையைக் கவ்வுகிறது.

'கீரியும் பாம்பும் மாதிரி' என்று சொல்லிச் சொல்லியே அதற்குப் பாம்புதான் சாப்பாடு என்று நினைத்துவிட்டோம். எலி, பூச்சி, ஓணான், தவளை, முட்டை இவைதான் அதன் அன்றாடத் தீனி. எங்கள் கொல்லையில் ஒரு கீரி கோழி முட்டையை முன்கால்களால் பிடித்து, குனிந்து, பின்கால்களுக்கு நடுவே துவைக்கிற கல்லின் மேல் வீசி உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். முட்டை போனதில் அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் கீரிப்பிள்ளை என்பதால் விரட்டவில்லை.

அந்த ஒரு வரிக்காக ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது கீரி தின்னும் பச்சிலை என்று எதையோ அரைத்துக் கொடுத்து ஒரு மணி நேரத்தைப் போக்கிவிட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து நஞ்சுமுறி ஊசி இருக்கிறது. திருத்தம் போடும்போது அதையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்